41 வயதில் வில்வித்தை தொடங்கலாமா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அருகே வசிக்கும் பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். அவருக்கு 41 வயது. இதுவரை எந்த விளையாட்டையும் முறையாகப் பழகியதில்லை. 11 வயது மகளோடு சேர்ந்து வில்வித்தை கற்கலாம் என்ற ஆசை சில மாதங்களாக மனத்தில் இருக்கிறது. கண்ணாடி அணிபவர், கரும்பலகையில் எழுதி எழுதி வலது தோள் அவ்வப்போது வலிக்கிறது. இணையத்தில் 40 பவுண்டு வில் ஒன்று தள்ளுபடி விலையில் வந்திருக்கிறது. வீட்டைச் சுற்றிப் பத்து சென்ட் புரையிடமும், அதாவது வீட்டோடு சேர்ந்த நிலமும், இருக்கிறது. இந்த நிலையில் தொடங்கலாமா, தொடங்கினால் வீட்டிலேயே பழகலாமா என்பது அவருடைய கேள்வி.

தாராளமாகத் தொடங்கலாம். ஆனால் அந்த வில்லை வாங்க வேண்டாம். புரையிடத்தில் இலக்கு நாட்டவும் வேண்டாம். இந்த இரண்டையும் தள்ளிவைத்துவிட்டு, ஒழுங்காக நடக்கும் பயிற்சிக் களம் ஒன்றில், அங்குள்ள எடை குறைந்த வில்லைக் கையில் வாங்கி, வாரத்துக்கு மூன்று நாள் வீதம் ஒரு மாதம் பழகிப் பாருங்கள். வில்வித்தை உங்களுக்கு ஒத்துவருமா என்பது அந்தப் பன்னிரண்டு நாட்களில் தெரிந்துவிடும். நான் வேலை நிமித்தம் சென்னையில் இருந்தபோது வில் பிடிக்கக் கற்றேன்; ஊருக்குத் திரும்பிய பிறகு, பூதப்பாண்டிப் பக்கம் மண்மேட்டை ஒட்டிய ஓரிடத்தில் நண்பர்கள் சிலரோடு தொடர்ந்து பழகி வருகிறேன்; வருபவர்களுக்கு முதல் பாடங்களைச் சொல்லியும் கொடுக்கிறேன். உங்கள் கேள்வியை வேறு வேறு சொற்களில் பலர் என்னிடம் கேட்டிருப்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வயதைப் பற்றிய கவலையை முடித்துவிடுவோம். 2004-ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் தனிநபர் பிரிவில் வெள்ளி வென்ற ஜப்பானின் ஹிரோஷி யமமோட்டோவுக்கு அப்போது வயது 41. அவரும் ஓர் ஆசிரியர். 1984-இல் வெண்கலம் வென்றவர் இருபது ஆண்டுகள் கழித்து மீண்டும் மேடை ஏறினார். அவர் சிறு வயதிலிருந்தே வில் பிடித்தவர் என்பதை மறைத்துவிட்டு உங்களுக்கு ஆசை காட்ட நான் விரும்பவில்லை. நாற்பதைத் தாண்டிய உடலும் இந்த விளையாட்டின் உச்சத்தில் நிற்க முடியும் என்பதற்கு மட்டுமே அவரைச் சொன்னேன். ஓட்டமும் தாவலும் இல்லாத இந்த ஆட்டத்தில் வயது கேட்கும் ஒரே சலுகை, தசைகள் பழகிக்கொள்ளக் கூடுதலாகச் சில வாரங்கள். உடலின் அமைப்பும் இங்கே தடையாக நிற்பதில்லை. இரண்டு கைகளும் இல்லாமல் பிறந்த ஷீத்தல் தேவி, காலால் வில்லைப் பிடித்து எய்து, 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் சேர்ந்து கலப்பு அணிப் பிரிவில் வெண்கலம் வென்றார். அதே போட்டிகளில் ஹர்விந்தர் சிங் ரீகர்வ் என்னும் வில் வகைக்கான பிரிவில் தங்கமே வென்றார்.

கண்ணாடியும் தடையில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கின் தரவரிசைச் சுற்றில் 72 அம்புகளுக்கு 699 புள்ளிகள் எடுத்து உலக சாதனை படைத்த தென் கொரியாவின் இம் டோங் ஹியூனுக்கு இடது கண்ணில் பார்வை மிகவும் மங்கல். இலக்கின் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலந்த பூச்சாகவே அவருக்குத் தெரிந்தன. கண்ணாடிச் சட்டம் தடிமனாக இருந்தால் நாண் அதில் உரசும். மெல்லிய சட்டத்துக்கு மாறினால் அந்தத் தொல்லை தீரும். பார்வையின் கூர்மையை விட, உங்களுடைய இரண்டு கண்களில் எது முந்திக்கொள்கிறது என்பதை அறிவது முக்கியம். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகளைக் குறுக்காகச் சேர்த்து நடுவில் சிறு ஓட்டை விட்டு, அதன் வழியே தொலைவிலுள்ள தென்னையின் குருத்தைப் பாருங்கள். பிறகு ஒரு கண்ணை மூடுங்கள். குருத்து அப்படியே தெரிந்தால் திறந்திருக்கும் கண்ணே முதன்மைக் கண். ஓட்டையை விட்டு விலகிப்போனால் மூடிய கண்தான் முதன்மை. வலக்கைப் பழக்கமுள்ள சிலருக்கு இடக்கண் முதன்மையாக இருக்கும். அவர்கள் தொடக்கத்திலேயே இடக்கை வில்லைப் பழகுவது பிற்பாடு நிறைய குழப்பத்தைத் தவிர்க்கும்.

இப்போது அந்த 40 பவுண்டு வில்லுக்கு வருகிறேன். என் பதிலில் நீங்கள் வேறெதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்கக் கூடாது. வில்லுக்குச் சொல்லப்படும் பவுண்டு, தராசில் வைத்தால் காட்டும் எடையைக் குறிப்பதில்லை. நாணை முழுவதும் இழுத்துப் பிடிக்கும்போது விரல்கள் தாங்கும் சுமையைக் குறிக்கிறது. வில்லின் மேலும் கீழும் வளையும் பகுதிகளைக் களத்தில் லிம்ப் என்போம். அதில் எழுதியிருக்கும் எண், நாணை 28 அங்குலம் இழுத்தால் உண்டாகும் சுமை. அதற்குக் குறைவாக இழுப்பவருக்கு ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஏறத்தாழ 2 பவுண்டு குறையும். உங்கள் இழுப்பு நீளத்தை வீட்டிலேயே கணக்கிடலாம்: இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை அளந்து, 2.5 ஆல் வகுத்தால் போதும். விரித்த கைகள் 160 சென்டிமீட்டர் என்றால் இழுப்பு 64 சென்டிமீட்டர், அதாவது 25 அங்குலம். அப்படிப்பட்டவருக்கு அந்த 40 பவுண்டு வில் 34 பவுண்டாகக் கனக்கும். அது 15 கிலோவுக்கும் மேல். தண்ணீர் நிறைந்த ஒரு குடத்தை மூன்று விரல்களின் முதற்கணுவில் மாட்டி, கையைத் தாடைக்குக் கீழே கொண்டுவந்து, நடுங்காமல் மூன்று நான்கு விநாடி பிடித்து, பிறகு அலுங்காமல் விடுவதாக நினைத்துப் பாருங்கள். அதை ஒரு மாலையில் அறுபது முறை செய்ய வேண்டியிருக்கும்.

நான் அந்தத் தவற்றைச் செய்தவன். முதல் வில் வாங்கப் போனபோது கடைக்காரர், ஆண்பிள்ளைக்கு இதற்குக் குறைந்து வேண்டாம் என்று சொல்லி 38 பவுண்டு வில்லைக் கையில் கொடுத்தார். கடையில் நின்று ஒரு முறை இழுத்துப் பார்த்தேன், முடிந்தது, வாங்கிவிட்டேன். ஒரு முறை இழுக்க முடிவதும் அறுபது முறை ஒரே மாதிரி இழுக்க முடிவதும் வேறு வேறு என்பது மூன்றாவது வாரத்தில் தெரிந்தது. முதுகுத் தசைகளால் இழுக்க முடியாதபோது உடல் தோளைத் தூக்கி, தலையைப் பின்னுக்குத் தள்ளி, இடுப்பை வளைத்து எப்படியாவது நாணைக் கன்னத்துக்குக் கொண்டுவந்துவிடும். அந்தக் கோணல் பழகியும் போய்விடும். வலது தோளின் முன்பக்கத்தில் ஊசி குத்துவதுபோல் வலி தொடங்கியது. ஏழு மாதம் வில்லைத் தொட முடியவில்லை. திரும்பி வந்து 18 பவுண்டு வில்லை எடுத்தபோதுதான் உண்மையில் கற்கத் தொடங்கினேன். கோணலாகப் பழகியதை மறப்பதற்கு மட்டும் ஓர் ஆண்டு ஆயிற்று.

ஆகவே உங்களுக்கு 18 அல்லது 20 பவுண்டு எழுதிய வில் போதும். உங்கள் இழுப்பும் 25 அங்குலமானால் அது 12 முதல் 14 பவுண்டாகத்தான் இருக்கும். அதிலும் அறுபது அம்பு எய்தால் மொத்தம் 350 கிலோ அளவுக்கு இழுத்த கணக்காகிறது என்பதால், இது குழந்தைகளின் பொம்மை என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம். உங்கள் வலது தோள் ஏற்கெனவே வலிப்பதால், களத்துக்குப் போகும் முன்பே எலும்பு மருத்துவர் ஒருவரிடம் காட்டி, எதனால் வலி என்பதைக் கேட்டுவிடுங்கள். தசை சோர்வால் வரும் வலியானால், சரியான முறையில் பழகும் வில்வித்தை தோள்பட்டைகளுக்கு இடையிலுள்ள தசைகளை வலுப்படுத்தும்; தசைநார் கிழிந்திருந்தாலோ கழுத்தெலும்புத் தேய்விலிருந்து வலி இறங்கினாலோ, மருத்துவர் அனுமதிக்கும் வரை காத்திருப்பதே சரி. கையை நேரே தலைக்கு மேல் தூக்கும்போதே வலிக்கிற நாளில் வில்லை எடுக்கக் கூடாது என்பதை நான் என்னிடம் வருபவர்களுக்குக் கட்டாயமாகவே வைத்திருக்கிறேன்.

வில்லின் வகைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் நாட்டுப் போட்டிகளில் மூன்று வகை உண்டு. மூங்கிலாலும் மரத்தாலும் செய்த எளிய வில்லைக் கொண்டு 50 மீட்டர், 30 மீட்டர் தொலைவில் எய்வது இந்தியன் ரவுண்ட். நுனிகள் வெளிப்புறம் வளைந்த ரீகர்வ் வில், 1972-இலிருந்து தொடர்ந்து ஒலிம்பிக்கில் இருப்பது. அங்கே தொலைவு 70 மீட்டர். முனைகளில் உருளைகள் பொருத்திய காம்பவுண்ட் வில்லில் முழு இழுப்பின்போது சுமையின் பெரும்பகுதியை உருளைகளே தாங்கிக்கொள்ளும். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில்தான் அது கலப்பு அணிப் பிரிவாக முதன்முறை இடம்பெறப் போகிறது. புதியவருக்கு என் பரிந்துரை, நடுப்பகுதி மரத்தாலான, கழற்றி மாட்டக்கூடிய ரீகர்வ் வில். 25 அங்குல இழுப்புக்கு 66 அங்குல நீளமுள்ள வில் பொருந்தும். ஆறு மாதம் கழித்து வலு கூடும்போது நடுப்பகுதியை வைத்துக்கொண்டு லிம்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பதே அதை நான் சொல்வதற்குக் காரணம். அந்த முழுத் தொகுப்பும் பத்தாயிரம் ரூபாயை ஒட்டி முடிந்துவிடும். போட்டிக்கான வில்லும் கருவிகளும் ஒரு லட்சத்தைத் தாண்டும். அதைப் பற்றி யோசிக்க உங்களுக்கு இரண்டு ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது.

அந்த ஒரு மாதத்தில் என்ன நடக்கும் என்று தெரிந்தால் முடிவெடுப்பது எளிதாகும். முதல் நாள் பெரும்பாலும் அம்பே தரமாட்டார்கள். கால்களைத் தோளகலத்தில் வைத்து, எடையை இரண்டு பாதங்களிலும் சமமாக இறக்கி, ஒரு ரப்பர் பட்டையை இழுத்து இழுத்து விடுவதிலேயே நேரம் போகும். ரப்பர் விளையும் நம் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை; பழைய சைக்கிள் ட்யூப் கூடப் போதும். இரண்டாம் மூன்றாம் நாளில், ஐந்து மீட்டர் தொலைவில், வண்ணத்தாள் ஒட்டாத வெறும் இலக்குப் பலகைக்கு முன் நிறுத்துவார்கள். குறிபார்க்க அங்கே எதுவும் இருக்காது. சில ஆசான்கள் கண்ணை மூடிக்கொண்டே எய்யச் சொல்வார்கள். வில்வித்தை என்றால் குறிபார்ப்பது என்று எண்ணி வருகிறவர்களுக்கு இது பெரிய ஏமாற்றமாக இருக்கும். ஆனால் உடலுக்கு வடிவம் வருவதற்கு முன் கண்ணுக்கு இலக்கைக் காட்டிவிட்டால், கண் அவசரப்பட்டு உடலைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விடும்.

சுட்டுவிரல் அம்பின் அடிக்கு மேலும், நடுவிரலும் மோதிரவிரலும் கீழுமாக நாணைப் பிடிப்பீர்கள்; கட்டைவிரல் நாணைத் தொடாது. ஏகலைவன் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது வியப்பாக இருக்கும். கட்டைவிரலால் நாணை இழுக்கும் முறை ஆசிய நாடுகள் பலவற்றில் நெடுங்காலம் இருந்தது. இன்றைய ரீகர்வ் போட்டிகளில் மூன்று விரல் முறையே நிலைத்துவிட்டது. நாணை இழுத்து வந்து, சுட்டுவிரல் தாடை எலும்பின் கீழ் ஒட்டி அமர, நாண் மோவாயின் நடுவையும் மூக்கு நுனியையும் தொட்டு நிற்க வேண்டும். இந்தத் தொடுபுள்ளி ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அமைவதில்தான் எல்லாம் இருக்கிறது. 70 சென்டிமீட்டர் நீளமுள்ள அம்பின் அடிப்பக்கம் 1 மில்லிமீட்டர் விலகினால், 70 மீட்டருக்கு அப்பால் அது 10 சென்டிமீட்டர் விலகலாகப் பெருகும். அங்கே 122 சென்டிமீட்டர் அகலமுள்ள இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவே 12.2 சென்டிமீட்டர்தான். உங்களுக்குத் தொடக்கத்தில் பத்து மீட்டர் தொலைவுதான் என்பதால் அதே பிழை ஒன்றரை சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனாலும் விரல் எங்கே ஒட்டியிருந்தது என்று உங்களால் சொல்ல முடியாத ஒவ்வோர் அம்பையும், அது இலக்கின் நடுவிலுள்ள மஞ்சள் வட்டத்திலேயே பட்டிருந்தாலும், தவறிய அம்பாகக் கணக்கிடப் பழகுங்கள்.

நாணை விடுவது என்பதும் தவறாகவே புரிந்துகொள்ளப்படுகிறது. விரல்களை விரித்து நாணை வீசக் கூடாது. முதுகு தொடர்ந்து பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்க, விரல்கள் மட்டும் தளரும். நாண் தானாக நழுவிப் போகும். இழுத்த கை காதுக்குக் கீழே கழுத்தை உரசிக்கொண்டு பின்னால் சென்று நிற்கும். சரியாக நடந்த ஒரு விடுப்பில் ஓசை வேறு மாதிரி இருக்கும். கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வீசுகோல் நாணில் சரியாகப் பட்டதா, பிசகியதா என்பதை ஓசையை வைத்தே நம் காது கண்டுகொள்ளும். இங்கும் அப்படித்தான். நாண் ஒரே மாதிரி சுருக்கமாக ஒலித்தால் விடுப்பு சீராக இருக்கிறது என்று பொருள். சில வாரங்களில் பக்கத்தில் நிற்பவருடைய அம்பு எங்கே போயிருக்கும் என்பதைத் திரும்பிப் பார்க்காமலே ஓரளவு சொல்லிவிடுவீர்கள்.

வில்லைப் பிடித்த கையின் முழங்கை மடிப்பு மேல்நோக்கி இருந்தால், திரும்பி வரும் நாண் முன்கையின் உட்புறத்தை அறையும். முதல் வாரத்தில் நாவல்பழ நிறத்தில் நீளமாக ஒரு தழும்பு வரக்கூடும். மடிப்பு பக்கவாட்டைப் பார்க்கும்படி முழங்கையைச் சற்றுத் திருப்பிக்கொண்டால் அது நின்றுவிடும். அதுவரை முன்கையை மறைக்கும் கைக்காப்பு உறையைக் கழற்றாதீர்கள்.

உடல் வலிமை எவ்வளவு குறைவாகப் பயன்படுகிறது என்பதற்கு நான் கண்ட இருவரைச் சொல்கிறேன். ஒரே மாதத்தில் எங்களிடம் வந்தவர்கள். ஒருவர் குளச்சல் பக்கத்து இளைஞர். வலை இழுத்து உரமேறிய கைகள். மற்றவர் ஓய்வுபெற்ற செவிலியர், அறுபதை நெருங்கியவர். இளைஞருக்கு எங்களிடமிருந்த எந்த வில்லும் கனக்கவில்லை. அதனாலேயே அவர் கைத்தசையால் மட்டும் இழுத்தார், முதுகு வேலையே செய்யவில்லை. அம்புகள் ஒரு முழ அகலத்துக்குச் சிதறின. அந்த அம்மாவுக்கோ 16 பவுண்டுக்கே முதுகின் துணை தேவைப்பட்டது. அதனால் சொன்னதைச் சொன்னபடி செய்தார். ஆறாவது வாரத்தில் பத்து மீட்டரில் அவருடைய மூன்று அம்புகள் ஒரு டீக்கடைத் தட்டுக்குள் அடங்கின. இளைஞரும் பிறகு தேறிவிட்டார். அவருக்கு நான் 14 பவுண்டு வில்லைக் கொடுத்துப் பின்னுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. அடிமுறையும் சிலம்பமும் பழகிய நம் ஊர்ப் பிள்ளைகள் வரும்போது கால்நிலை உடனே அமைந்துவிடுகிறது. அசையாமல் நிற்பதுதான் அவர்களுக்குக் கடினமாக இருக்கிறது.

இந்த ஒரு மாதத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியது அம்பு எங்கே பட்டது என்பதை விட, உங்கள் மனம் என்ன சொல்கிறது என்பதைத்தான். ஒரே அசைவை அறுபது முறை செய்ய வேண்டும்; எய்த ஆறு அம்புகளையும் நடந்துபோய் எடுத்து வர வேண்டும்; மீண்டும் அதே கோட்டில் வந்து நிற்க வேண்டும். சிலருக்கு இந்த நடையும் திரும்பி வருதலும் பெரிய அமைதியைத் தரும். சிலருக்கு இரண்டாவது வாரமே சலிப்பு தட்டிவிடும். அது குறையே இல்லை, அவர்களுக்கு இறகுப்பந்தோ நீச்சலோ பொருத்தம். நாள் முழுவதும் நாற்பது பிள்ளைகளின் குரலுக்கு நடுவே நிற்கும் ஆசிரியர்கள் பலர் இதை விரும்பித் தொடர்வதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் எந்தப் பக்கம் என்பதை நீங்கள்தான் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்து இடம். பத்து சென்ட் என்பது ஏறக்குறைய 405 சதுர மீட்டர். சதுரமாக எடுத்தால் பக்கத்துக்கு 20 மீட்டர். அதில் வீடும் கிணறும் தென்னைகளும் போக மிஞ்சும் இடத்தில் பத்து மீட்டர் தொலைவு வேண்டுமானால் கிடைக்கலாம். ஆனால் நமக்குத் தேவை எய்யும் தொலைவு மட்டுமன்று, தவறிய அம்பு போய் விழுவதற்கான இடமும்தான். 20 பவுண்டு வில்லிலிருந்து மேல்நோக்கிப் போகும் அம்பு 100 மீட்டரைத் தாண்டும். நம் மாவட்டத்தில், அதிலும் கல்குளம், விளவங்கோடு பகுதிகளில், வீடுகள் ஊருக்குள் தெருவாக இல்லாமல் விளைகள் எனப்படும் தோப்புகளுக்கு நடுவே பரந்து கிடக்கின்றன. ஒருவர் புரையிடத்தின் ஓரமாகவே அடுத்தவர் நடக்கும் வழி போகிறது. ரப்பர் தோட்டம் ஆளரவமற்றது என்று நினைத்து அங்கே இலக்கு வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. விடியும் முன்னரே ரப்பர் பால்வெட்டுக்கு ஆள் வந்துவிடும். பிறகு பால் எடுக்க வருவார்கள். விறகு பொறுக்க வருபவர்களும் உண்டு. மரங்களுக்கு நடுவே ஒரு மனிதர் தெரிவதற்குள் அம்பு அவரை எட்டிவிடும். இலக்குக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு மேல் எழும்பிய மண்மேடோ உறுதியான தடுப்போ, பக்கவாட்டில் யாரும் நுழைய முடியாத இடைவெளியோ இல்லாத எந்த இடமும் வேண்டாம். தோட்டத்துக்கு வரும் பன்றியை விரட்ட வில் உதவுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம் என்பதோடு, நாங்கள் அப்படிக் கேட்பவர்களுக்குக் கற்றுத் தருவதும் இல்லை.

களத்தைத் தேட, நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் உள்ள மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலரின் அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். பக்கத்தில் அமையாவிட்டால் திருநெல்வேலி, திருவனந்தபுரம் வரை விசாரிக்கலாம். தக்கலையிலிருந்து திருவனந்தபுரம் 60 கிலோமீட்டருக்குள்தான். வாரத்துக்கு மூன்று நாள் முடியாவிட்டால் ஞாயிறு மட்டும் சென்று, மற்ற இரண்டு நாட்கள் வீட்டில் ரப்பர் பட்டையோடு கண்ணாடி முன் பழகினாலும் அந்த மாதம் வீணாகாது. களத்தைத் தேர்ந்தெடுக்க என்னிடம் ஓர் எளிய அளவுகோல் உண்டு. போய் ஓரமாக உட்கார்ந்து அரை மணி நேரம் பாருங்கள். இரண்டு விசிலுக்கு எல்லோரும் கோட்டுக்கு வருகிறார்களா, ஒரு விசிலுக்கு எய்யத் தொடங்குகிறார்களா, மூன்று விசில் கேட்டபின் மட்டும் அம்பெடுக்க நடக்கிறார்களா என்று கவனியுங்கள். இலக்கிலிருந்து அம்பைப் பிடுங்குபவர், தனக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை என்று திரும்பிப் பார்த்துவிட்டு, ஒரு கையால் பலகையை அழுத்தி, மறு கையால் அம்பை அதன் நேர்க்கோட்டிலேயே இழுக்கிறாரா என்றும் பாருங்கள். பிடுங்கும் வேகத்தில் அம்பின் அடிப்பக்கம் பின்னால் நிற்பவர் கண்ணில் குத்தக்கூடும். இந்தச் சிறு ஒழுங்குகள் இல்லாத களத்தில், ஆசான் எவ்வளவு பதக்கம் வாங்கியவராக இருந்தாலும், மகளைச் சேர்க்காதீர்கள்.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். நமக்கு இரண்டு பருவமழை. ஜூன் முதல் தென்மேற்கு; அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே ஆடி மாதம் வீசும் காற்றை அந்தப் பக்கத்துக் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காற்றில் எடை குறைந்த வில்லின் அம்பு முப்பது மீட்டரில் கூடத் தடம் மாறும். தொடக்கத்தில் பத்து மீட்டரில் காற்றின் தொல்லை பெரிதில்லை, என்றாலும் உடல் ஆடுவதால் நிலை கெடும். ஆகையால் ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில், காலை நேரத்தில் தொடங்க முடிந்தால் மிகவும் நல்லது.

மகளைப் பொறுத்தவரை 11 வயது தொடங்குவதற்கு ஏற்ற வயதுதான். ஆனால் உங்கள் வில்லை அவளிடம் கொடுக்க வேண்டாம். அவளுடைய இழுப்பு நீளம் வேறு, அவளுக்கு 10 முதல் 14 பவுண்டுக்குள் தனி வில் வேண்டும். எலும்பு வளரும் வயதில் அதிக எடை இழுப்பது தோளுக்குக் கேடு. பள்ளி விளையாட்டுப் போட்டிகள், பிற்பாடு கல்லூரி இடம், வேலை என்று கணக்குப் போட்டுக்கொண்டு வரும் பெற்றோர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்கைப் பிள்ளை அறிந்துகொண்டால், ஒவ்வோர் அம்பையும் பயந்து பயந்து விடத் தொடங்குகிறது. முதல் ஆண்டில் அவளிடம் எத்தனை புள்ளி என்று கேட்காதீர்கள். இன்று எது சுலபமாக இருந்தது என்று கேளுங்கள்.

மாதம் முடிந்து, நீங்கள் தொடர்வதென்று முடிவு செய்து, வில்லும் வாங்கிவிட்டால், வீட்டில் அதைப் பார்க்க வரும் உறவினர் ஒருவராவது நாணை இழுத்து, அம்பில்லாமல் சட்டென்று விட்டுவிடுவார். அம்பை ஏந்திச் செல்ல வேண்டிய விசை முழுவதும் அப்போது வில்லுக்குள்ளேயே திரும்பிப் பாயும். லிம்ப் விரிசல் விடும், சில நேரம் அந்த இடத்திலேயே உடைந்து தெறிக்கும். நாணைக் கழற்றி, உறையிலிட்டு, அலமாரியில் பூட்டி வையுங்கள். கார்பன் அம்புகளை எய்யும் முன் ஒவ்வொன்றையும் இரு முனையிலும் பிடித்து லேசாக வளைத்துப் பாருங்கள். கீறல் ஓசை கேட்டால் அந்த அம்பு அத்தோடு போகட்டும். விடும்போது உடைந்த கார்பன் அம்பின் சிம்பு, வில் பிடித்த கையில் ஏறும்.

முதல் நாள் போகும்போது சேலை வேண்டாம். கையோடு ஒட்டிய சட்டையோ சுடிதாரோ அணிந்து, துப்பட்டாவைக் குறுக்காக இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள். நாண் வந்து படும் பக்கத்துக் கம்மலைக் கழற்றிவிடுங்கள். தாலிச் சங்கிலியை உடுப்புக்குள் விட்டுவிடுங்கள். கூந்தலைப் பின்னி முதுகுப் பக்கம் தள்ளிக் கட்டுங்கள். பாதம் முழுவதையும் மூடும் தட்டையான காலணி வேண்டும், ஏனென்றால் புல்லில் தவறி விழுந்த அம்பு கண்ணுக்குத் தெரியாமல் படுத்துக் கிடக்கும். தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். மகளையும் அன்று உடன் அழைத்துப் போங்கள். அவள் ஓரமாக உட்கார்ந்து நீங்கள் ரப்பர் பட்டையை இழுப்பதைப் பார்க்கட்டும்.